பிடியரிசியின் ஊழியம்

திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டுக் கிறிஸ்தவ ஊர்களில், அடுப்படி மூலையில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். வீட்டுக்காரி அன்றைய சோற்றுக்கு அரிசியை அளந்து சுளகில் கொட்டுவாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்தில் போடுவாள். பானையில் மிச்சமிருப்பதிலிருந்து எடுப்பதில்லை. அன்று வீட்டார் சாப்பிடவேண்டியதிலிருந்தே எடுப்பாள். வார முடிவில் கலயம் ஆலயத்துக்குப் போகும், இல்லையென்றால் சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து பெட்டியில் வாங்கிக்கொண்டு போவார்கள். சேர்ந்த அரிசி விலையாகும். அந்தக் காசு ஊழியத்துக்கு.

இதற்குப் பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். சபை வரலாற்றுப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். பேராயர்களின் படங்களும் ஆலயக் கோபுரங்களின் படங்களும் பக்கம் பக்கமாக வரும் நூல்களில் கலயத்துக்குப் படம் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தின் மிகத் துணிச்சலான காரியங்களில் சில அந்தக் கலயத்தை நம்பித்தான் தொடங்கப்பட்டன. விசுவாசம், ஊழியம், அன்றாட வாழ்க்கை என்று மூன்றைத் தனித்தனியே வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மூன்றும் ஒரே அடுப்படியில் இருந்த காலத்தைப் பற்றியது இந்தப் பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிடியரிசி கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்தது அல்ல. ஒரு பிடி எடுத்து வைத்துப் பிறருக்குக் கொடுப்பது தமிழ் வீடுகளின் பழைய அறம். காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடியரிசித் திட்டம் என்றே ஒன்றை ஊர்தோறும் நடத்தச் சொன்னார். கிறிஸ்தவர்களானபோது மக்கள் இந்தப் பழக்கத்தைத் தெருவில் விட்டுவிட்டு வரவில்லை, கையோடு கொண்டுவந்தார்கள். வேதத்திலோ அதற்கு இடம் தயாராகவே இருந்தது. பானையில் ஒரு பிடி மாவை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் எலியாவுக்கு அப்பமாகச் சுட்டுக்கொடுத்த சாறிபாத் விதவையின் கதையை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள். கேட்ட கதையும் செய்கிற பழக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

தேரிக்காட்டில் அரிசி எல்லா வீட்டிலும் இருந்ததா என்றால் இல்லை. அது மழை குறைந்த செம்மண் பூமி. பனையேறிக் குடும்பங்களுக்குப் பதநீர்க் காலத்தில் கருப்பட்டிதான் வருமானம், பல வேளைகளில் அதுவே உணவும்கூட. கம்பும் கேழ்வரகும் கஞ்சியானது போக, நெல்லுச் சோறு பல வீடுகளுக்குப் பண்டிகைச் சாப்பாடு. அரிசி இல்லாத வீடுகள் கருப்பட்டி கொடுத்தன. கோழிமுட்டை கொடுத்தன. முதல் ஈற்றுக் கிடாவை ஆலயத்துக்கு என்று நேர்ந்துவிட்டன. அறுப்பின் பண்டிகையன்று ஆலய வாசலில் முருங்கைக்காயும் பூசணிக்காயும் சேவலும் ஏலம் போவதை இன்றும் தென்மாவட்டங்களில் பார்க்கலாம். ஒரு தேங்காய் அதன் சந்தை விலையைப்போல் பல மடங்குக்கு ஏலம் போகும். எடுத்தவர் அதைத் திரும்ப ஆலயத்துக்கே கொடுப்பார். அது மறுபடியும் ஏலத்துக்கு வரும்.

இந்த மண்ணில் பிறந்தவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் கிராமத்துச் சபைகளை மேய்த்த ஐயர், அதாவது போதகர். மகனுக்கு வயது 15 ஆனபோது அவர் இறந்துபோனார். பிறகு வளர்த்தெடுத்தது தாய் எலன். மெய்ஞ்ஞானபுரத்திலும் பாளையங்கோட்டையிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார் அசரியா. தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டுப் பட்டம் வாங்க முடியாமல் போயிற்று. கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில், அதாவது ஒய்.எம்.சி.ஏ.யில், ஊழியராகச் சேர்ந்து தென்னிந்தியா முழுவதும் சுற்றினார்.

1898-இல் திருமணம். மணமகள் அன்பு மாரியம்மாள் சாமுவேல், தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படிப்பு வரை சென்றவர்களுள் ஒருவர். வரதட்சணை வாங்கக் கூடாது, ஆடம்பரம் கூடாது என்று இருவரும் தீர்மானித்தே மணம் செய்துகொண்டார்கள். ஒன்றேகால் நூற்றாண்டு கடந்த பிறகு, இன்றைய சபைக் கல்யாணங்களின் மண்டபச் செலவையும் நகைக் கணக்கையும் அறிந்தவர்கள் இந்த ஒரு செய்தியின் கனத்தைத் தாங்களே நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் எப்படிக் கல்யாணம் செய்கிறார் என்பதில் தெரியும் விசுவாசம் பல பிரசங்கங்களில் தெரிவதில்லை.

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அவரைத் திருப்பிப் போட்டது அந்தப் பயணம். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து, கடலுக்கு இந்தப் பக்கம் இராமநாதபுரத்துத் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கையில் யாழ்ப்பாணச் சபை சிறியது. திருநெல்வேலியோ இந்தியாவின் பெரிய சீர்திருத்தச் சபைகளில் ஒன்று. அங்கே கிறிஸ்தவம் வேரூன்றி நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார் கட்டிய ஆலயம் 1785-ஐச் சேர்ந்தது. துன்புறுத்தலுக்கு ஆளான கிறிஸ்தவர்கள் ஒதுங்கி வாழ முதலூர் என்ற ஊரே 1799-இல் எழும்பிவிட்டது. இத்தனை வரலாறு இருந்தும், தன் எல்லைக்கு வெளியே வேறு மொழிக்காரர்களிடம் தன் செலவில் ஓர் ஊழியரை அனுப்ப இந்தச் சபை அதுவரை முன்வரவில்லை. வாங்கியே பழகிய சபையாக அது இருந்துவிட்டது. யாழ்ப்பாணத்து மாணவர்கள் அசரியாவுக்குக் காட்டியது இதைத்தான்.

ஊருக்குத் திரும்பினார், நண்பர்களிடம் பேசினார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் இந்தியர், காசும் இந்தியர் காசு, நிர்வாகமும் இந்தியரே என்ற தீர்மானத்தோடு தொடங்கிய சங்கம் அது. முதல் செயலாளர் அசரியா. அவருக்கு அப்போது 28 வயது.

எங்கே போவது? தெரிந்தெடுத்த இடம் நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல். இன்று தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் ரயில் பாதைகள் பிரியும் ஒரு சந்திப்பு. அன்று சுற்றிலும் காடு. தெலுங்கு பேசும் ஏழை ஜனங்கள். பெரும்பாலும் மாலர், மாதிகர் என்று ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்கள். முதல் ஊழியராகச் சாமுவேல் பாக்கியநாதன் மனைவியோடு புறப்பட்டார். திருநெல்வேலியிலிருந்து போனவர்களுக்கு மொழி புதிது, தண்ணீர் புதிது, காய்ச்சல் புதிது. அவர்களுடைய சம்பளத்துக்கு வெளிநாட்டுச் சங்கங்களை எதிர்பார்க்கக் கூடாது என்பது தீர்மானம். அப்படியென்றால் அது தேரிக்காட்டுச் சபைகளின் காணிக்கையிலிருந்தே வந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தோர்ணக்கல்லைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. தங்கள் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டியவர்களே அன்று குறைவு. வேறு மொழி பேசும், வேறு சாதியைச் சேர்ந்த, முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்காகத் தினமும் காலையில் தன் பிள்ளைகளின் சோற்றில் ஒரு பிடி குறைக்கிறாள் ஒரு தாய். அவளுக்கு இறையியல் பட்டம் கிடையாது. பலருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வராது. ஆனாலும் மிஷனெரி என்பவர் யார், அவர் எங்கே இருக்கிறார், அவருக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். நாள்தோறும் கை அள்ளிப் போட்டபோது மனமும் நாள்தோறும் அதை நினைத்தது. மாதம் ஒரு தடவை சங்கக் காணிக்கை கொடுப்பதிலோ வருஷத்துக்கு ஒரு தடவை கவரில் பணம் வைப்பதிலோ கிடைக்காத பயிற்சி இது.

இதே காலத்தில், தமிழ்நாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத மிசோரம் மலைகளில் இதே பழக்கம் தழைத்தது. 1910-இல் ஐஸ்வாலில் தொடங்கிய இதற்கு மிசோ மொழியில் புஹ்ஃபாய் தாம் என்று பெயர். ஒவ்வொரு வேளை சமையலின்போதும் ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வைக்கப்படும். சபைப் பெண்கள் வீடு வீடாகச் சேகரிப்பார்கள். இன்றும் மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையின் மிஷனெரிப் பணிக்கு அது பெரிய ஆதாரம். ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் தருகிறது. நெல் விளையும் மலையிலும் பனை விளையும் தேரியிலும் ஏழைப் பெண்கள் ஒரே வழியைக் கண்டார்கள் என்றால் காரணம் எளிது. அவர்கள் கையில் பணம் புழங்கவில்லை. வீட்டின் பணம் ஆண்களின் மடியில் இருந்தது. அரிசிப்பானை மட்டுமே அவர்கள் ஆட்சியில் இருந்தது. கணவனிடம் கேட்காமல், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒன்றிலிருந்து அவள் கொடுத்தாள்.

அசரியா 1909-இல் குருப்பட்டம் பெற்று, தோர்ணக்கல்லுக்கே குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்திருந்த பிரதிநிதிகள் ஏறத்தாழ 1,200 பேர். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபதுக்கும் குறைவு. 35 வயதான அசரியா அங்கே ஒரு மாலை பேசினார். தலைப்பு, வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு.

அவர் பெரிய கோட்பாடு எதையும் எடுத்துவைக்கவில்லை. அன்றாடக் காரியங்களைப் பேசினார். ஒரே ஊரில், ஒரே சபைக்காக ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் வெள்ளைக்கார மிஷனெரியும் இந்திய ஐயரும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதில்லை, சேர்ந்து சாப்பிடுவதில்லை என்பதைச் சொன்னார். தயவு காட்டும் எஜமானின் தோரணை மிஷனெரிகளிடம் இருந்து போகவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். நீங்கள் உங்கள் ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், இந்தியா அதை மறக்காது. ஆனால் எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்ற பொருளில் முடித்தார். அரங்கில் சிலர் கைதட்டினார்கள், சிலர் கொதித்துப்போனார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் அந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டு மிஷனெரி வரலாற்றை யாரும் எழுத முடிவதில்லை.

அந்தப் பேச்சின் பின்னால் தனி மனிதனின் மனவருத்தம் மட்டும் இல்லை. அதற்கு 53 ஆண்டுகளுக்கு முன்பே, 1857-இல், திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் பகுதியில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை என்பவர் ஐரோப்பிய ஊழியர்களின் ஆதிக்கத்தைப் பொறுக்காமல் பிரிந்து, பிரகாசபுரத்தில் தனிச் சபையே கண்டார். அசரியா பிரியவில்லை. உள்ளே நின்றுகொண்டு, எங்கள் வீட்டுக்கு வாருங்கள், உங்கள் வீட்டுக்கு எங்களைக் கூப்பிடுங்கள், பந்தியில் பக்கத்தில் உட்காருங்கள் என்று கேட்டார். பிடியரிசி கொடுக்கும் ஊரில் பிறந்தவருக்கு, சாப்பாட்டை விலக்கிவிட்டு அன்பைப் பற்றிப் பேசுவது பொருளற்றதாகவே தோன்றியிருக்க வேண்டும். அசனப் பண்டிகையில் ஊர் முழுவதும் ஒரே வரிசையில் இருந்து சாப்பிடுவதைச் சிறு பிள்ளையாகப் பார்த்தவர்கள் இந்தக் கருத்தை உடனே புரிந்துகொள்வார்கள்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். தோர்ணக்கல் சிறிய திருமண்டலமாகத் தொடங்கிப் பிறகு மிகப் பெரிதாக வளர்ந்தது. மாட்டுவண்டியில் போனார், ஊர் ஊராகத் தங்கினார். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்துக்கொண்டு, சுவிசேஷத்தைச் சொல்லாமலிருந்தால் எனக்கு ஐயோ என்னும் பவுலின் கருத்தை வாக்காகச் சொல்லும்படி செய்தார். ஊழியம் சம்பளம் வாங்குகிற சிலருடைய வேலை என்ற எண்ணத்தை முதல் நாளிலேயே அடிப்பதற்கு இதைவிட நேரான வழி இருக்க முடியாது. நேற்று வரை ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடப்படாத ஒரு மாதிகப் பெண், இன்று தன் கையைத் தன் தலைமேல் வைத்துத் தன்னைத் தானே ஊழியத்துக்குப் பிரித்துக்கொள்கிறாள்.

கொடுப்பதையும் அவர் விடவில்லை. இவர்கள் பரம ஏழைகள், இவர்களிடம் போய்க் காணிக்கை கேட்பதா என்று இரக்கப்பட்டவர்கள் உண்டு. அசரியா அந்த இரக்கத்தை ஏற்கவில்லை. கொடுக்கத் தகுதியற்றவன் என்று ஒருவனை ஒதுக்குவதும் ஒருவகைத் தீண்டாமைதான் என்பது அவர் செய்கையில் தெரிகிறது. திருநெல்வேலியின் பிடியரிசி தெலுங்கு நாட்டுக்குப் போய், அங்கே பிடிகெடு பிய்யம் ஆயிற்று. கூலியாக வாங்கிய தானியத்தில் ஒரு பிடி, ஒரு கோழி, கொஞ்சம் மிளகாய் என்று மக்கள் கொடுத்தார்கள். கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் தனி நூலே எழுதினார். அது பல நாடுகளுக்குப் போயிற்று. தோர்ணக்கல் எப்பிபனி பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டையானது. கோயில் மண்டபத் தூண்களும் மசூதிக் கும்மட்டங்களும் ஒரே கட்டடத்தில் சேர்ந்து நிற்கும் ஆலயம் அது. அசரியா 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லிலேயே மறைந்தார். அவர் உழைத்த தென்னிந்தியத் திருச்சபை ஒன்றிப்பு 1947 செப்டம்பர் 27-இல் நிறைவேறியது.

இனி வேறொரு வீட்டுக்குப் போவோம். இந்திய மிஷனெரி சங்கம் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1901 மார்ச் மாதம், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்படவிருந்த வாழ்விலிருந்து தப்பி ஏமி கார்மைக்கேலிடம் வந்து சேர்ந்தாள். பிரீனா என்ற அந்தக் குழந்தை வருவதற்கு முன் ஏமி நாடோடி ஊழியர். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ் கற்றார், சேலை கட்டினார், பொன்னம்மாள் முதலிய பெண்களோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதுதான் ஊழியம். குழந்தைகள் வந்ததும் வண்டி நின்றது. ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகிப் பெருகியபோது, அவர் தங்கிய தோனாவூர் பெரிய வீடாயிற்று. பால் காய்ச்ச வேண்டும். துணி அலச வேண்டும். வயிற்றுப்போக்கில் வாடும் பச்சைக் குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். ஆத்தும ஆதாயத்துக்கு வந்தவர் ஆயா வேலை பார்க்கிறார் என்று குறைசொன்ன மிஷனெரிகளும் இருந்தார்கள். குழந்தை வேலை தங்களுக்குத் தாழ்வு என்று தயங்கிய உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். சீஷர்களின் கால்களைக் கழுவிய கர்த்தரை முன்னிறுத்தித்தான் ஏமி அவர்களோடு பேச வேண்டியிருந்தது.

அந்த ஊரின் பெயரிலேயே ஒரு கொடையாளி இருக்கிறார். மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் அங்கே ஆலயம் கட்டப் பணம் அனுப்பியவர் பிரஷ்யாவின் தோனா பிரபு. அவர் பெயரால் ஊர் தோனாவூர் ஆயிற்று. ஆனால் ஊரை உலகறியச் செய்தவை தொட்டில்களும் அடுப்பும்தான். 1931-இல் விழுந்து அடிபட்ட ஏமி, கடைசி இருபது ஆண்டுகளை ஏறக்குறைய படுக்கையிலேயே கழித்தார். அறையை விட்டு வெளியே வர முடியாத நிலையிலும் எழுதினார், கடிதங்களால் குடும்பத்தை நடத்தினார். 1951 ஜனவரி 18 அன்று இறந்தபோது, தன் சமாதிக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, பிள்ளைகள் அதில் அம்மை என்று பொறித்தார்கள்.

ஏமியின் பெயர் உலகுக்குத் தெரியும். பொன்னம்மாளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1915-இல் இறக்கும்வரை அந்தக் குழந்தைகள் இல்லத்தைத் தாங்கிய தோள் அவருடையது. ஊழியத்தின் வரலாறு எழுதப்படும் விதத்தில் பெரிய அநியாயம் இருக்கிறது. உபதேசியாரின் பெயர் சேகரப் பதிவேட்டில் இருக்கும். அவர் சொற்பச் சம்பளத்தில் வந்தவர் போனவருக்கெல்லாம் கஞ்சி காய்ச்சிப் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்த அவருடைய மனைவி, உபதேசியார் அம்மாள் என்ற அளவில் நின்றுபோவார். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். அவர் மகள் எலைசா 1844-இல் மிஷனெரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய், அதே கைத்தொழிலை அங்கேயும் விதைத்தார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. அந்த லேஸ் நூலை விரல் தேயப் பின்னிய பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூடச் சட்டென்று சொல்ல முடிவதில்லை.

நாசரேத்தின் மர்காஷிஸ் ஐயரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். 1878-இல் அவர் அங்கே தொழிற்பள்ளி தொடங்கினார். அனாதைப் பிள்ளைகள் தச்சும் தையலும் கற்றுத் தங்கள் காலில் நின்றார்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தார் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். உளியையும் ஊசியையும் ஊழியத்துக்கு வெளியே வைக்க அந்தப் புத்தகத்தில் இடமில்லை.

இவ்வளவும் பெருமையாகச் சொல்லிவிட்டு, இதே சபைகளின் காயத்தைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையல்ல. பிடியரிசி தோர்ணக்கல்லின் மாதிகருக்குப் போயிற்று; ஆனால் பக்கத்துத் தெருவின் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவருக்கு அதே ஊர் ஆலயத்தில் எல்லாக் காலத்திலும் சமமான இடம் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் நின்ற ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தன. பெண் எடுப்பதிலும் கொடுப்பதிலும் சாதி இன்றும் ஞானஸ்நானத்தைவிட மூத்ததாக நடந்துகொள்கிறது. தூரத்து அந்நியனை நேசிப்பது எளிது, வாசலில் நிற்பவனை நேசிப்பது கடினம். எடின்பரோவில் அசரியா வெள்ளைக்காரர்களிடம் கேட்ட அதே கேள்வியை ஒவ்வொரு தெருவும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: உன் வீட்டு நாற்காலியில் யார் உட்காரலாம்?

பணத்தின் காயமும் உண்டு. ஏழைகளின் காணிக்கையால் எழும்பிய பள்ளிகளும் நிலங்களும் பெருகியபோது அவற்றை ஆளும் போட்டியும் பெருகியது. திருமண்டலத் தேர்தல்கள் அரசியல் தேர்தல்களின் சுவரொட்டியையும் அணியையும் பகையையும் அப்படியே கடன் வாங்கிக்கொண்டன. வழக்குகள் நீதிமன்றம் வரை போகின்றன. வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணமும் எங்கோ ஒரு கலயத்தில் தொடங்கிய பணம்தான் என்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. இன்னொரு பக்கம், ஊழியம் என்பது மேடையாகவும் ஒலிபெருக்கியாகவும் ஆளுயரப் படமாகவும் சுருங்கிவிட்டது. பேசுகிறவரின் முகம் பெரிதாகப் பெரிதாக, கொடுக்கிறவளின் முகம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஆனாலும் பழைய ஓடை வற்றிவிடவில்லை. தென்மாவட்டங்களில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திய இளைஞர்களின் ஜெபக் கூட்டங்களிலிருந்து நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு உருவாயிற்று. 1967-இல் தருமபுரிப் பக்கத்துப் பெரியமலைக்கு முதல் ஊழியரை அனுப்பியது; 1970-களில் குஜராத்தின் டாங்ஸ் காடுகளுக்குப் போனது. பிறகு ராஜ்மகால் மலைகளின் மால்ட்டோ மக்களிடம் போனபோது மலேரியாவுக்கும் கருங்காய்ச்சலுக்கும் தமிழ்நாட்டு ஊழியர்கள் பலர் பலியானார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு குடும்பங்கள் புறப்பட்டுப் போயின. அவர்களைத் தாங்கியவை பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களின் வீடுகளில் கூடும் சிறு ஜெபக்குழுக்கள்: பள்ளி ஆசிரியை, மின்வாரிய ஊழியர், செவிலியர், கடைக்காரர். வாரத்தில் ஒரு வேளை உபவாசமிருந்து, மிச்சமான சாப்பாட்டுச் செலவை ஊழியத்துக்கு எடுத்து வைப்பவர்கள் அந்தக் குழுக்களில் உண்டு. அவர்களுடைய அறைகூவல் பத்திரிகையைப் புரட்டினால், மலைக்காட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துப் பிள்ளையின் காய்ச்சலுக்காக ஜெபிக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்க்கலாம்.

இப்போது குக்கரில் ஒரு டம்ளர் அரிசி போடும் வீடுகளில் கலயத்துக்கு இடமில்லை. காணிக்கை கைப்பேசியில் ஒரு விநாடியில் போய்விடுகிறது. இதில் தவறு ஒன்றுமில்லை. கணக்கு சுத்தமாக இருக்கிறது, தொகையும் கூடுதல். இழந்தது வேறு. ஒரு பிடி குறைந்ததை வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள், ஏன் குறைந்தது என்று பிள்ளை கேட்டது, தாய் சொன்னாள். திரையைத் தொடும் விரலைப் பிள்ளை கவனிப்பதில்லை. ஆகவே இன்றைய குடும்பங்கள் அந்தப் பேச்சை வேறு வழியில் மீட்க வேண்டும். வெளியே போய்ச் சாப்பிடத் திட்டமிட்ட ஒரு நாளில் வீட்டில் கஞ்சி காய்ச்சி, அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவை அடுப்படித் தரையிலிருந்து எழுப்பி மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு பரிமாறலாம். காசு செலவில்லாத இந்த இரண்டாவது காரியம்தான் பல வீடுகளில் அதிகக் கடினமாக இருக்கும்.

சபைகள் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு, அதை யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் செய்யலாம். ஒவ்வொரு சேகரத்திலும் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படுகிறது. அந்தக் கணக்கை ஆலய வாசல் பலகையில், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும் தமிழில், இரண்டே பத்திகளாக எழுதி ஒட்டட்டும்: நமக்காகச் செலவழித்தது இவ்வளவு, பிறருக்காகச் செலவழித்தது இவ்வளவு. சுவருக்குப் பூசிய வண்ணம், புதிய ஒலிபெருக்கி, பண்டிகைப் பந்தல், வழக்குச் செலவு எல்லாம் முதல் பத்தியில் வரும். மிஷனெரி ஊழியம், விதவைகள் உதவி, ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவு இரண்டாவதில் வரும். அடுத்த சபைக் கூட்டத்தில் பெண்கள் ஐக்கிய சங்கம் முதலில் எழுந்து இதைக் கேட்கட்டும். தோர்ணக்கல்லுக்குப் போன சம்பளம் அவர்கள் பாட்டிமாரின் அடுப்படியிலிருந்தும் போனது என்பதால், முதல் கேள்வியைக் கேட்கும் உரிமை அவர்களுக்குத்தான்.